மூன்று அரை நாள்

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயர் பதிந்தவர்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். நான் 1994ல் சேலத்தில் பதிந்தேன். நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. 1997 ஜனவரி 1ஆம் தேதி தனி மாவட்டம் ஆன பிறகு என் அட்டையும் நாமக்கல்லுக்கு வந்தது. அந்த ஆண்டிலிருந்து 2009 வரை ஐந்து தடவை புதுப்பித்தேன். ஒவ்வொரு தடவையும் பட்டறையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கையை டர்பண்டைனில் கழுவி, நகக்கண்ணில் தங்கிய சிவப்போடும் நீலத்தோடும் வரிசையில் நிற்பேன். எஸ்.எஸ்.எல்.சி., ஓவியத்தில் ஹையர் கிரேடு, டி.டி.சி. என்று அட்டையில் இருக்கும். மடித்து மடித்து அது நான்கு துண்டாகப் போய், செலோ டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தேன். கடைசியாகப் புதுப்பித்தபோது எனக்கு 38 வயது.

அட்டையில் உள்ள தகுதியெல்லாம் பள்ளியில் எனக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்த சார் வாங்கித் தந்தது. லோயர், ஹையர் இரண்டு பரீட்சைக்கும் அவரே பணம் கட்டினார். கோடை விடுமுறையில் 42 நாள் நடக்கும் டி.டி.சி. என்ற தொழிலாசிரியர் சான்றிதழ்ப் பயிற்சிக்கும் அவர்தான் விரட்டி அனுப்பினார். “கையில தொழில் இருக்குது, சரி. பேப்பரும் இருக்கட்டும்டா கண்ணு” என்றார்.

கையில் இருந்த தொழில், லாரிக்கு எழுதுவது.

ஓசூரிலிருந்தோ ஜாம்ஷெட்பூரிலிருந்தோ புது வண்டி நாமக்கல்லுக்கு வரும்போது அது முழு வண்டியாக இருக்காது. இன்ஜினும் சக்கரமும் சட்டமும் உள்ள வெறும் சேஸிஸ்தான் வரும். ஓட்டி வருகிறவர் துண்டால் முகத்தைச் சுற்றிக்கொண்டு, வெயிலிலும் மழையிலும் வெட்டவெளியில் உட்கார்ந்து வந்து சேருவார். பரமத்தி ரோட்டிலும் திருச்சி ரோட்டிலும் உள்ள பட்டறைகளில்தான் அதற்குக் கேபினும் பாடியும் ஏறும். தச்சர், வெல்டர், தகர வேலைக்காரர், வயரிங்காரர், சீட் தைப்பவர் எல்லாரும் முடித்த பிறகு கடைசியாக எங்களிடம் வரும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, பட்டி பார்த்து, திரும்பத் தேய்த்து, எனாமல் இரண்டு கோட்டிங் ஓடிக் காய்ந்தால்தான் எழுத்துக்காரன் பிரஷ்ஷைத் தொடுவான். நெற்றியில் குலசாமி பெயர், கதவில் உரிமையாளர் பெயரும் ஊரும், பின்பலகையில் தாமரை, இரண்டு அன்னம், மலைக்குப் பின்னால் இறங்கும் சூரியன். நான் சேலத்தைத் தாண்டி அதிகம் போனதில்லை. என் கையெழுத்து அசாம் வரைக்கும் போய் வந்தது.

பட்டறை மேஸ்திரியிடம் நான் 1988ல் சேர்ந்தேன். அவர் அ, ஆ என்று தொடங்கமாட்டார். முதல் ஆறு மாதம் கோடுதான். நூலில் சுண்ணாம்புப் பொடி தடவி, இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் பலகையில் நேர்கோடு விழும். அந்தக் கோட்டின் மேல் பிரஷ் நடுங்காமல் போய் வர வேண்டும். பிறகு ட. நிற்கும் கோடு ஒன்று, படுக்கும் கோடு ஒன்று. ட வந்த பிறகு ப. ப-வின் வலது கையைக் கொஞ்சம் வளைத்து உள்ளே மடக்கினால் ம. ம-வுக்குக் கீழே வால் விட்டால் ழ. ஆனால் ழ-வுக்கு வர இரண்டு வருஷம் ஆகும். எனாமல் கனமான பெயிண்ட், கீழிருந்து மேலே இழுத்தால் வழியும். அதனால் எல்லாக் கோடும் மேலிருந்து கீழே, இடமிருந்து வலமாக. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் எத்தனை இடம் விடுவது என்பதற்கு அவர் ஸ்கேல் வைக்க விடமாட்டார். “கண்ணால அள” என்பார். ட-வுக்குப் பக்கத்தில் காலியிடம் தானாகவே கிடக்கும், அங்கே அடுத்த எழுத்தை நெருக்கி வைக்க வேண்டும் என்பது எனக்குப் பிடிபட ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது.

2000த்துக்குப் பிறகு கம்ப்யூட்டரில் வெட்டுகிற ஸ்டிக்கர் பட்டறைக்குள் வந்தது. நான் அரை நாள் உட்கார்ந்து எழுதும் கதவை, ஸ்டிக்கர் பையன் பத்து நிமிஷத்தில் ஒட்டிவிட்டுப் போனான். ஆரம்பத்தில் உரிமையாளர்கள் தாங்களே வந்து, “எங்க வண்டிக்குக் கையிலயே எழுதுங்க” என்றார்கள். அவர்கள் பிள்ளைகள் பொறுப்புக்கு வந்ததும் அந்தப் பேச்சு நின்றது. 2008 கடைசியில் அமெரிக்காவில் தொடங்கிய பண நெருக்கடி இங்கே லாரி விற்பனையையும் இழுத்துப்போட்டது. சேஸிஸ் வரத்து அற்றுப்போய்ப் பட்டறைகள் வெறிச்சோடின. எங்கள் மேஸ்திரி கேட்டைப் பாதி சாத்திவைத்து, உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். காய்ந்துபோன பிரஷ்களை எடுத்து டர்பண்டைனில் ஊறப்போடுவார், துடைப்பார், மறுநாள் அதையே திரும்பவும் செய்வார். ஒன்றிரண்டு வருஷத்தில் வண்டி திரும்பி வந்தது. எழுத்து வேலை அந்த அளவுக்குத் திரும்பவில்லை. என்னோடு எழுதிய இருவரில் ஒருவர் போர்வெல் ரிக் வண்டியில் ஏறி வடக்கே போனார். இன்னொருவர் கோழிப்பண்ணையில் தீவனம் அரைக்கச் சேர்ந்தார். இருபது வருஷம் கண்ணால் அளந்தவர்கள்.

2011ல் அறிவிப்பு வந்தது. அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, கணினி போன்றவற்றுக்குப் பகுதி நேர ஆசிரியர்கள் 16,549 பேர். அரசாணை எண் 177, தேதி 11.11.2011. அதில் ஓவியத்துக்கு 5,253 இடம். குழந்தைகளின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்திருந்தது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளியில் கலைக்கும் உடற்கல்விக்கும் தொழிற்கல்விக்கும் பகுதி நேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும் என்று அதன் அட்டவணை சொல்கிறது. அந்தச் சட்டத்தின் கணக்கில்தான் எங்களுக்கு இடம் கிடைத்தது. வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதத்துக்குப் பன்னிரண்டு. சம்பளம் 5,000 ரூபாய். மே மாதம் சம்பளம் கிடையாது.

சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போன அன்று, ஹையர் கிரேடு சான்றிதழில் எனாமல் சொட்டு ஒன்று காய்ந்து ஒட்டியிருந்ததை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். “பெயிண்டருங்களா?” என்றார். “ஆமாங்க சார், லாரி எழுத்து” என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. 2012 மார்ச்சில் ஆணை கையில் கிடைத்தபோது எனக்கு 41 நடந்துகொண்டிருந்தது. கொல்லிமலை அடிவாரத்தை ஒட்டிய ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி.

வீட்டில் என் மனைவி ஆணையை இரண்டு தரம் படித்துவிட்டு, “ஏனுங்க, மாசத்துக்கே அஞ்சாயிரந்தானுங்களா?” என்றாள். பட்டறையில் வாரம் முழுக்க வேலை இருந்தால் அதைவிட அதிகம் வரும். இப்போதெல்லாம் வாரம் முழுக்க இருப்பதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். மகள் எட்டாவது, மகன் ஐந்தாவது. அன்று இரவு இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நோட்டில் கணக்குப் போட்டோம். மூன்று நாள் காலையில் பள்ளி, மத்தியானத்துக்கு மேல் பட்டறை. மற்ற நாளெல்லாம் முழு நாள் பட்டறை. அவள் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். வண்டி ஓடிவிடும் என்றுதான் கணக்கு வந்தது. காலையில் அவளே என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள்.

ஆறாம் வகுப்பில் முதல் நாள். முன்பெஞ்சில் இருந்த சிறுமி எழுந்து, “சார், உங்க மேல பெட்ரோல் வாசம் அடிக்குது” என்றாள். டர்பண்டைன் என்று சொல்லி, பையிலிருந்த சின்ன டப்பாவைத் திறந்து வரிசையாக மோந்து பார்க்கக் கொடுத்தேன். நாற்பது பிள்ளைகள், நாற்பது மூக்கு. சேகோ ஆலைக்குப் போகிறவர்கள், கோழிப்பண்ணையில் தங்கி வேலை செய்கிறவர்கள், டிரைவர்கள், தறி ஓட்டுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் அப்பன்மார் மேலும் ஒவ்வொரு வாசம் அடிக்கும். அன்று அவர்கள் என்னைத் தங்களில் ஒருவனாகத்தான் எடுத்துக்கொண்டார்கள் என்று இன்றும் நம்புகிறேன்.

ஆசிரியர் அறையில் நிலைமை வேறு. யாரும் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை, நல்ல மனிதர்கள். ஆனால் இரண்டாவது வாரமே ஒருவர் வந்து, “சார், எட்டாவதுல போர்ஷன் முடியல. உங்க பீரியடக் குடுத்துருங்க” என்றார். கொடுத்தேன். அடுத்த வாரம் இன்னொருவர். காலாண்டுக்கு முன்னால் என் பீரியடில் பாதி கணக்குக்கும் அறிவியலுக்கும் போய்விட்டது. நான் அந்த நேரத்தில் வருகைப் பதிவேட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன், அறிவிப்புப் பலகை எழுதினேன், சுதந்திர தினத்துக்கு வாசலில் கோலம் வரைந்தேன். இது எந்த ஒரு பள்ளியின் குற்றமும் இல்லை. நாமக்கல், ராசிபுரம் பக்கத்துத் தனியார் விடுதிப் பள்ளிகளுக்குத் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட காலம் அது. பரீட்சை முடிவு வரும் காலையில் மாநில ரேங்க் எங்கள் மாவட்டத்துக்கு எத்தனை என்றுதான் டீக்கடையில் பேச்சு. ரேங்க் அறிவிப்பதை 2017ல் அரசு நிறுத்தியது. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் நிற்கவில்லை. மார்க் தராத எந்த நேரமும் இங்கே காலி நேரம் என்று கணக்காகிவிட்டிருந்தது. நானும் முதல் வருஷம் முழுக்க அப்படித்தான் நம்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நம்பிக்கை மாறியது 2013ல், ஆறாம் வகுப்பில் ஒரு பையனால்.

பிடித்ததை வரையுங்கள் என்று விட்டிருந்தேன். வீடு, மலை, தேர் என்று எல்லாரும் வரைய, இவன் ஒரு லாரியின் பின்பலகையை மட்டும் வரைந்திருந்தான். சங்கிலி, நம்பர் பிளேட், விளக்கு, நடுவில் பட்டையடித்து எழுதிய குலசாமி பெயர். எழுத்தின் தடிமன், ஓரத்து நிழல், பக்கத்துக்குப் பக்கம் விட்ட இடம் எல்லாம் சரியாக இருந்தன. எங்கள் மேஸ்திரி பார்த்திருந்தால் அன்றைக்கே பிரஷ்ஷைக் கையில் கொடுத்திருப்பார். “யார் வண்டிடா கண்ணு?” என்றேன். அப்பா ஓட்டும் வண்டி என்றான். “என்ன எழுதியிருக்கு, படி” என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்துப் பையன், “சார், அவனுக்குப் படிக்கத் தெரியாது” என்றான்.

ஐந்து வகுப்பு முடித்து ஆறாவதில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை. எழுத்தை அவன் தாமரையைப் போல, அன்னத்தைப் போல ஒரு சித்திரமாகப் பார்த்து வரைந்திருக்கிறான். ஒவ்வொரு வளைவும் அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒலி மட்டும்தான் தெரியவில்லை.

மறு வகுப்பில் அவனையும் அவனைப் போல இன்னும் நான்கு பேரையும் தனியாகக் கூப்பிட்டு, மேஸ்திரி எனக்குச் செய்ததைச் செய்தேன். நூலில் சாக்பீஸ் பொடி தடவிக் கரும்பலகையில் சுண்டச் சொன்னேன். கோடு விழுந்த சத்தத்துக்கே சிரித்தார்கள். இரண்டு விரல் அகலத்துக்குத் தட்டை பிரஷ், வாளியில் வெறும் தண்ணீர். கரும்பலகையில் தண்ணீரால் எழுதினால் எழுத்து கறுப்பாக நிற்கும், காய்ந்ததும் போய்விடும். தப்பு செய்தால் அழிக்க வேண்டியதில்லை. முதலில் ட. மேலிருந்து கீழே ஒன்று, இடமிருந்து வலம் ஒன்று. இழுக்கும்போதே ‘ட’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு ப. பிறகு ம. மூன்றாவது வகுப்பில் ம-வின் தலையில் ஒரு புள்ளி வைக்கச் சொன்னேன். மூன்று எழுத்தையும் வரிசையாகப் போட்டு, இடைவெளியைக் கண்ணால் அளந்து, கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கச் சொன்னேன். அந்தப் பையன் பார்த்தான். வாய் அசைந்தது. “ப...ட...ம். படம். சார், படம்னு இருக்குது!” என்றான். தண்ணீர் காய்ந்து எழுத்து மறைவதற்குள் மற்ற நாலு பேரும் ஓடி வந்து படித்தார்கள். அதே மூன்று எழுத்தில் மடம் வந்தது, பட்டம் வந்தது, மட்டம் வந்தது.

தமிழம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் என் வகுப்புக்கே வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். அதற்குப் பிறகு அடுத்தடுத்த எழுத்துகளை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் வரிசைப்படுத்தினோம். நான் உருவத்தில் நெருங்கியவற்றை எடுத்து வைப்பேன், அவர் அதில் சொல் வருகிறதா என்று பார்ப்பார். அரைப் பரீட்சைக்குள் ஐவரும் பஸ் போர்டு படித்தார்கள். புத்தகத்தில் ஒரு பத்தி படிக்க முழு ஆண்டுப் பரீட்சை வரை ஆனது. இதை ஒரு புது முறை என்று நான் எங்கேயும் சொல்லிக்கொள்ளமாட்டேன். லாரிப் பட்டறையில் கையெழுத்துக் கற்றவன் வேறு எப்படிச் சொல்லித் தருவான்? ஆனால் அந்த ஐந்து பிள்ளைகள் பஸ் போர்டு படித்தது, காலி என்று கேட்டு வாங்கப்பட்டுக்கொண்டிருந்த பீரியடில். அதற்குப் பிறகு என் பீரியடை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்டவர்களிடம் கைகூப்பி, “நடத்தறனுங்க சார்” என்று சொல்லிவிடுவேன். தலைமையாசிரியை ஒரு நாள் கூப்பிட்டுக் காரணம் கேட்டார். அந்தப் பையனைக் கூட்டிவந்து நாளிதழ்த் தலைப்பை வாசிக்கச் சொன்னேன். அவர் அட்டவணையில் என் பீரியடுகளின் மேல் சிவப்பு மையில் வட்டம் போட்டார்.

சம்பளம் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. 5,000 பின்னர் 7,000 ஆனது, பிறகு 7,700, 2021ல் 10,000. 2023ல் சென்னையில் கல்வித் துறையின் டி.பி.ஐ. வளாகத்தில் பகுதி நேர ஆசிரியர்கள் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் கூடியபோது நானும் போயிருந்தேன். ராமநாதபுரத்திலிருந்து வந்த தையல் டீச்சர் ஒருவர், பன்னிரண்டு வருஷமாக மே மாதம் மட்டும் கூலிக்குத் தைப்பதாகச் சொன்னார். நான் மே மாதம் பட்டறையில் இருப்பதைச் சொன்னேன். அந்த அக்டோபரில் 2,500 உயர்த்தி அறிவித்தார்கள். 16,549 பேரில் இன்று ஏறத்தாழ 12,000 பேர் இருக்கிறோம். சிலர் இறந்துவிட்டார்கள், நிறையப் பேர் குடும்பம் தாங்காமல் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். நிரந்தரம் செய்யுங்கள் என்ற எங்கள் கோரிக்கை அப்படியேதான் இருக்கிறது. நியாயமான கோரிக்கை அது. பாதி நேரத்துக்குக் கற்றுக்கொள்ளும் பிள்ளை எதுவும் இல்லை.

எங்கள் மேஸ்திரி கடைசிவரை ஒன்றைப் பெருமையாகச் சொல்வார். மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை முதலில் ஓவியர், படம் எழுதிப் பிழைத்தவர். கொஞ்ச காலம் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். அரசாணைகள் பிறக்கும் சென்னைத் தலைமைச் செயலகத்தில் நிற்கும் பத்து மாடிக் கட்டடத்துக்கு அவர் பெயர்தான்: நாமக்கல் கவிஞர் மாளிகை. “படம் எழுதறவன் பேர்ல பத்து மாடி நிக்குதுடா” என்பார் மேஸ்திரி. எனக்கு ஆணை வந்ததைச் சொல்ல நான் போனபோது அவர் என்னிடம் அணில் முடி பிரஷ் மூன்றைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். அதில் ஒன்று இன்னும் பள்ளியில் என் மேசை டிராயரில் இருக்கிறது. முடி பாதி உதிர்ந்துவிட்டது.

எனக்கு இப்போது 54. அந்தப் பையன் ஐ.டி.ஐ. முடித்து நாமக்கல்லில் ஒரு பாடி பட்டறையில் வெல்டராக இருக்கிறான். பொங்கலுக்கு வாட்ஸாப்பில் வாழ்த்து அனுப்புவான், ழ-வும் ற-வும் தப்பாமல். 2022ல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா தொடங்கிய பிறகு ஓவியத்துக்கு மேடை கிடைத்திருக்கிறது. அதற்குத் தயாரிக்கும் மாதங்களில் எங்களைத் தேடி வருகிறார்கள். நல்லதுதான். மற்ற மாதங்களில் என்ன நடக்கிறது என்பதுதான் என் கவலை.

அதனால் இந்தப் பக்கத்துப் பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும்போது, இந்த மாதம் எங்கள் பிள்ளைக்கு ஓவிய வகுப்பு எத்தனை நடந்தது என்று கேளுங்கள். அட்டவணையில் எத்தனை போட்டிருக்கிறது என்று கேட்காதீர்கள், நடந்தது எத்தனை என்று கேளுங்கள். பதில் வரும்வரை உட்கார்ந்திருங்கள்.